மனூசோஸ் மேல் ஒரு கண்

"மனூசோஸ் மேல ஒரு கண்ணு வச்சுக்கோ, அர்கிரோ. நீ பாத்தது எதுவா இருந்தாலும் எனக்கு மட்டும் சொல்லு" என்று ஹரிதிமோஸ் சொன்னது ஜூலை முதல் வாரத்தில்.

ஹானியாவில் நான் வேலை பார்த்த சுற்றுலாக் கம்பெனிக்கு ஹரிதிமோஸ்தான் மேலாளர். மேசை மேல் ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். ஜெர்மன்காரப் பயணி ஒருவர் எழுதியது. ஓட்டுநர் பஸ்ஸுக்குப் பின்னால் மறைவாகப் போய் நின்று, தலையை அண்ணாந்து ஒரு சின்ன பாட்டிலைச் சாய்த்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருந்தார்.

"சிக்குதியாவா இருக்கும்" என்றேன். எங்கள் தீவில் திராட்சைச் சக்கையைக் காய்ச்சி அந்தச் சாராயத்தை இறக்காத வீடே கிடையாது. ஆனால் காலை பத்து மணிக்கு, நாற்பத்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறவர் அதைக் குடித்தால் அது வேறு விஷயம்.

"இருபத்தேழு வருஷமா வண்டி ஓட்டுற ஆளு. ஒரு கடிதாசிய வச்சு வெளிய அனுப்ப முடியாது. நீதான் கூடவே உக்காந்திருக்கே. பாரு."

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஆறு வருடம் தற்காலிக ஜெர்மன் டீச்சராகத் தீவு தீவாக மாற்றப்பட்டு, கடைசியில் வழிகாட்டி உரிமம் வாங்கி ஒரே ஊரில் நிலைத்திருந்தேன். ஒவ்வொரு வசந்தத்திலும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கை ஹரிதிமோஸுடையது.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பஸ் ஹானியாவிலிருந்து எலஃபோனிசிக் கடற்கரைக்குப் போகும். காலை எட்டுக்கு ஹோட்டல்களில் ஆள் ஏற்றல், தொப்போலியாவில் காபி, அதைத் தாண்டியதும் பள்ளத்தாக்குச் சுரங்கம், ஏலோஸ் ஊரின் கஷ்கொட்டை மரங்கள், மலைமேல் மடாலயம், மத்தியானம் கடற்கரை. மனூசோஸ் ஐம்பத்தெட்டு வயது ஆள். அகலமான தோள், நரைத்த மீசை. என்னை முதல் நாளிலிருந்தே "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சரம்மா, எல்லாப் பிள்ளைங்களும் வந்தாச்சா? ஆஜர் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. நீங்க ஒழுங்கா ஓட்டுங்க."

"என்னய பெயில் ஆக்கிடாத தாயி."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். அந்த ஜூலைக்குப் பிறகு, அவர் சிரிக்கும்போது நான் அவர் வாயருகே குனிந்து மோப்பம் பிடிக்க ஆரம்பித்தேன்.

பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரிந்தது. மேகம் மூடிய காலையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். நான் பயணிகள் பட்டியலை நீட்டினால் கையில் வாங்காமல், "நீயே படிச்சுச் சொல்லு, எனக்கு இந்த ஜெர்மன் பேரெல்லாம் வாயில நுழையாது" என்பார். மடாலயத்தில் எல்லாரும் படியேறிப் போனதும் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவார். ஒருநாள் மணிக்கூண்டின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். கடிதத்தில் எழுதியிருந்தது உண்மை. அண்ணாந்த தலை, கையில் விரல் நீளத்துக்கு ஒரு பாட்டில்.

அதைவிட எனக்கு உறுத்தியது சிஃபிஸ் விவகாரம். சிஃபிஸ் வேறொரு கம்பெனியின் வெள்ளைப் பஸ்ஸை அதே பாதையில் ஓட்டுகிறவன். ஈராக்லியோன்காரன், நாற்பது வயதுக்குள் இருக்கும். தொப்போலியாவில் எங்களுக்குக் கால் மணி நேரம்தான் நிறுத்தம். மனூசோஸோ அவன் பஸ் வருகிறவரை நகரவே மாட்டார். அவன் வந்ததும் இரண்டு பேரும் காபிக் கடை மரத்தடியில் போய் நின்று கிசுகிசுவென்று பேசுவார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

"ஒலிவ் விலை என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்" என்பான் சிஃபிஸ், நான் ஒன்றுமே கேட்காமல்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மனூசோஸ் கையில் திணிப்பதைப் பார்த்தேன். அவர் அதைச் சட்டென்று இடுப்புக்குள் செருகிக்கொண்டார். பிறகு சிஃபிஸின் பஸ் முன்னால் கிளம்பியது. எங்கள் பஸ் அதன் வாலைப் பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அவன் வேகம் குறைத்தால் இவரும் குறைப்பார். அவன் நின்றால் இவரும் நிற்பார்.

போதைச் சரக்கு என்றே நினைத்தேன். அன்று சாயங்காலமே ஹரிதிமோஸுக்குப் போன் செய்து, "இன்னிக்கு ஒரு பொட்டலம் கை மாறிச்சு" என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அடுத்த வாரமும் சொன்னேன்.

ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய் அன்று சிஃபிஸ் வரவில்லை.

தொப்போலியாவில் பயணிகள் காபி குடித்து, கழிப்பறை போய், பஸ்ஸில் திரும்பி உட்கார்ந்தும் விட்டார்கள். மனூசோஸ் சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். பதினைந்து நிமிடம் முப்பத்தைந்து ஆனது. முன் இருக்கைக்காரர் ஒருவர், பெல்ட்டில் சாவிக்கொத்து தொங்கும் ஓய்வுபெற்ற ஜெர்மானியர், கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"என்ன மனூசோஸ், கல்யாணத்துக்கா காத்திருக்கோம்? கிளப்புங்க" என்றேன்.

"கொஞ்சம் பொறு. வந்துருவான்."

"யாரு வரணும்? அவன் பஸ்ஸு, அவன் கம்பெனி. நமக்கு என்ன?"

போனை எடுத்துக் காதில் வைத்துப் பேசினார். சிஃபிஸின் டயர் கஸ்தெல்லிப் பக்கம் வெடித்துவிட்டதாம். போனை வைத்தார். கையைப் பேன்ட்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். சரக்கு வராத கலக்கம் என்று நான் உள்ளுக்குள் எழுதிக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. சுரங்கத்துக்கு முன்னால் ஒரு சிக்னல் உண்டு. உள்ளே ஒரு வண்டி போகத்தான் இடம் என்பதால், ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் விடுவார்கள். அங்கே வந்தால் மனூசோஸ் எப்போதும் ஒரு விளையாட்டுக் கேள்வி கேட்பார். அன்றும் கேட்டார்.

"டீச்சரம்மா, உத்தரவு உண்டா?"

வழக்கமாக விளக்கைப் பார்த்து "உண்டு" என்றோ "இல்லை, வெளியே நில்லுங்க" என்றோ சொல்வேன். அன்று எனக்கு அவர் மேல் கோபம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கின் ஆழம் எத்தனை மீட்டர் என்று பயணிகளிடம் சொல்லத் தொடங்கினேன். பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை, மெதுவாக, "அர்கிரோ?" என்றார். அதற்கும் நான் திரும்பவில்லை. பின்னாலிருந்த ஒரு கார் எதற்கோ ஹாரன் அடித்தது. பஸ் நகர்ந்தது.

நாங்கள் உள்ளே நுழையும்போதுதான் நான் முன்னால் பார்த்தேன். சிவப்பு.

"மனூசோஸ்!"

சுரங்கத்தின் நடுவில் இரண்டு விளக்குகள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவர் பிரேக்கை மிதித்தார். நான் டாஷ்போர்டில் போய் விழுந்தேன். பின்னால் யாரோ அலறினார்கள். எதிரே வந்த சின்ன கார் பாறையோடு உரசி, தன் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு நின்றது. அதன் மூக்குக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது.

காரிலிருந்து ஒரு இளம்பெண் இறங்கினாள். பின் இருக்கையில் குழந்தை அழுதது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? சிவப்பு தெரியல? புள்ள இருக்குடா வண்டியில!"

மனூசோஸ் யாருடைய பேச்சையும் சும்மா வாங்கிக்கொள்கிறவர் இல்லை. ஒரு தடவை எங்களுக்கு வழிவிடாத போலீஸ்காரனையே அவன் பிறந்த ஊர் வரைக்கும் போய்த் திட்டியவர். அன்று ஜன்னலைக்கூட இறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், என் எண்ணைக் கொடுத்தேன், குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன். அவள் காரைப் பின்னுக்கு எடுத்து எங்களுக்கு வழிவிட்டாள்.

பஸ்ஸில் ஏறியதும் வேண்டுமென்றே அவர் முகத்தோடு முகம் வைத்துக் கேட்டேன். "சிவப்பு தெரியலையா?"

"பல்பு மங்கலா இருக்கு. பஞ்சாயத்துக்காரனுங்க மாத்த மாட்டேங்குறானுங்க."

காபி வாசனை மட்டும்தான் வந்தது. ஒரு துளி சாராய நெடி இல்லை.

அந்த இடத்திலேயே நான் பஸ்ஸை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. குடிக்கவில்லை என்றால் வேறென்ன என்று எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றுக்காக நாற்பத்து மூன்று பேரை நடுரோட்டில் இறக்குவதற்குத் தைரியமும் வரவில்லை. அவர் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன். ஏலோஸ் தாண்டியும் மடாலயம் தாண்டியும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் கை தானாகத் திரும்பியது, சரியான இடத்தில், சரியான அளவுக்கு. பாதை முழுக்க அவருக்கு மனப்பாடம். எதிரே வண்டி வருகிற சத்தம் கேட்டால் மட்டும் கழுத்து நரம்பு புடைத்தது.

கடற்கரையில் பயணிகள் துண்டும் குடையுமாக மணலுக்குப் போனார்கள். மூன்று மணி நேரம் ஓய்வு. மனூசோஸ் பஸ்ஸுக்குப் பின்னால் போனார். இந்த முறை நான் ஒளியவில்லை. நேராக அவர் எதிரே போய், நாலடி தள்ளி நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, தலையை அண்ணாந்து, பாட்டிலைப் பிடித்திருந்தார். அது வாய்க்குப் போகவில்லை. கண்ணுக்குப் போனது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

தலையை நிமிர்த்தினார். நான் அவருக்கு நேர் எதிரே, நல்ல வெயிலில் நிற்கிறேன். என் திசையில் பார்த்து, முகம் மலர்ந்து, "சிஃபிஸா? வந்து சேந்துட்டியா?" என்றார்.



"நான் அர்கிரோ" என்றேன்.

அவர் பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு பஸ்ஸின் பின்பக்கப் படியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"வலது கண்ணு போன வருஷமே போயிருச்சு. இடது நல்லாத்தான் இருந்துச்சு. வசந்தத்துல இருந்து நடுவுல ஒரு கறை. ஓரமெல்லாம் தெரியும். நேராப் பாக்குறதுதான் தெரியாது. சக்கர வியாதின்னான் டாக்டர்."

"அந்தப் பொட்டலம்?"

"மருந்து. ஹானியாவுல வாங்குனா சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசிரும். அவன் ஈராக்லியோன்ல வாங்கிட்டு வர்றான். அவன் வண்டிப் பின்பக்கம் பெருசு, வெள்ள. அத வச்சுத்தான் நான் சுரங்கத்தத் தாண்டுறேன்." கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே, "உன்ன வச்சும்" என்றார்.

உத்தரவு உண்டா என்று அவர் கேட்டதெல்லாம் விளையாட்டு இல்லை. வசந்தத்திலிருந்து நான் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்களை நம்பித்தான் ஒரு பஸ் நிறைய ஆட்கள் அந்தச் சுரங்கத்தைக் கடந்திருக்கிறார்கள். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அடிக்கக் கூடக் கை ஓங்கியிருப்பேன்.

"அந்தக் கார்ல கொழந்த இருந்துச்சு, மனூசோஸ்."

"அழுதது கேட்டுச்சு."

"கேட்டும் இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்க!"

"பதினாலு மாசம்" என்றார். "முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினாலே மாசம். டீச்சரம்மா, இப்ப விஷயம் தெரிஞ்சவ நீ. நீ பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வா. உனக்குக் கண்ணு இருக்கு, எனக்குக் கை இருக்கு. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

இதைக் கேட்டு ஒரு நிமிடம் நான் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். சீசன் முடிய இரண்டே மாதம். பிறகு பஸ்ஸின் முன்பக்கம் போனேன். ஏசிக்காகச் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார். அதை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் துரத்தவில்லை.

ஹரிதிமோஸுக்குப் போன் செய்து, மனூசோஸுக்கு உடம்பு முடியவில்லை, வேறு ஓட்டுநரை அனுப்புங்கள் என்றேன்.

"குடிச்சிருக்கானா? உண்மையச் சொல்லு."

"இல்ல."

"பின்ன என்ன உடம்புக்கு?"

"வந்து அவரே சொல்வாரு."

"அர்கிரோ, நீ எதையோ மறைக்கிறே. அவன் பொட்டலத்துல உனக்கும் பங்கு இருக்கா என்ன?"

நான் போனை அணைத்தேன். ஒரு கோடை முழுக்க நான் மனூசோஸைப் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

மாற்று ஓட்டுநர் ஹானியாவிலிருந்து வந்து சேர இரண்டரை மணி நேரம் தாமதம். பயணிகளிடம் பிரேக்கில் கோளாறு என்று பொய் சொன்னேன். சாவிக்கொத்து ஜெர்மானியர் ஒரு தாளில் நேரத்தையெல்லாம் வரிசையாகக் குறித்து, கீழே மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கினார். சிற்றுண்டிக் கடையில் தர்ப்பூசணி வெட்டச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தேன். அதை வாங்கித் தின்றுகொண்டே என்னைத் திட்டினார்கள்.

திரும்பும்போது மனூசோஸ் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். மடியில் வைத்த கைகள் மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் லேசாகத் திரும்பின. புது ஓட்டுநர் ஒரு இடத்தில் கியரைக் கரகரவென்று மாற்றியபோது, "ரெண்டாவது போடுடா" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான்.

ஹோட்டல்களில் ஆட்களை இறக்கிவிட்டு ஆபீஸுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஹரிதிமோஸ் வாசலிலேயே நின்றிருந்தார். மனூசோஸ் என்னை ஏறிட்டுப் பார்க்காமல், "நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

நான் வெளியே நின்றேன். உள்ளே என்ன சொல்வார்? என் மேல் பழி போடலாம். சிக்னலில் இவள் பதில் சொல்லவில்லை, இவளுக்கு முன்பே தெரியும் என்று சொல்லலாம். சொன்னால் என் உரிமம் போய்விடும். அவர் நிலைமையில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அரை மணி கழித்து வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன். ஆட்டுக்குட்டி மாதிரி பக்கத்துல உக்காந்திருந்தே, அவ்வளவுதான். நீ புத்திசாலித்தனமா வாயத் திறந்து கெடுத்துராதே."

"சிஃபிஸ்?"

"எந்த சிஃபிஸ்?" என்றார். சுவரைக் கையால் தொட்டபடி தெருவில் இறங்கிப் போனார்.

அவருடைய பஸ் உரிமம் அந்த மாதமே ரத்தானது. சுரங்கத்தில் கார் ஓட்டி வந்த பெண்ணுக்குக் கம்பெனி பெயிண்ட் செலவைக் கொடுத்தது. ஹரிதிமோஸ் என் ஒப்பந்தத்தைத் தொடவில்லை. ஆனால் மற்ற ஓட்டுநர்களுக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. நான் மனூசோஸை வேவு பார்த்ததும் போன் செய்ததும் தெரிந்துவிட்டது, அதற்கு மேல் தெரியவில்லை. டிப்போவில் நான் காபி எடுக்கப் போனால் பேச்சு நின்றுவிடும்.

"மெதுவாப் பேசுங்கடா, ஹரிதிமோஸோட மைக் வருது" என்பான் ஒருவன்.

செப்டம்பர் முழுக்க என்னோடு வந்த புது ஓட்டுநர், நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் பாட்டிலைக்கூட மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டி, "தண்ணிதான், மோந்து பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பான். நான் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் சிஃபிஸ் பெயர் வரும், சொல்லாவிட்டால் என் பெயர்தான் போகும். போகட்டும் என்று விட்டேன். சில நாட்களில் வீட்டுக்கு வந்து அழுதேன்.

நவம்பரில், ஒலிவ் அறுவடைக்காக மரத்தடியில் வலைகள் விரிக்கிற காலத்தில், போன் வந்தது.

"டீச்சரம்மா, நான்தான்."

இடது கண்ணில் லேசர் போட்டிருந்தார்கள். இன்னும் மோசமாகாமல் நின்றிருக்கிறது, அதற்கு மேல் டாக்டர் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. பாதி ஓய்வூதியம் கிடைக்கும். மனைவி ரோதாந்தியின் கிராமத்தில் அவளுடைய ஒலிவ் மரங்களோடு இருக்கிறார்.

"ரோதாந்தி இன்னும் உன்னத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கா. இன்னும் ஒரு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல அந்தச் சிறுக்கின்னு காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."

"திட்டு வாங்கவா?"

"திட்டு கூடவே வரும். சாப்பாடு நல்லா இருக்கும்."

எதற்குக் கூப்பிடுகிறார் என்று மூன்று நாள் யோசித்தேன். என்னிடமிருந்து ஏதாவது கையெழுத்து வேண்டுமோ, கம்பெனி மேல் வழக்குப் போடப் போகிறாரோ என்றெல்லாம் மனசு போனது. ஆனாலும் போனேன்.

வாசலில் ரோதாந்திதான் நின்றாள். கறுப்புக் கம்பளிச் சட்டை, முழங்கை வரை மாவு. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். நான் கொண்டுபோன இனிப்புப் பெட்டியை வாங்கவில்லை.

"நீதானா அது?"

"நான்தான்."

உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் நகரவில்லை. நானும் திரும்பிப் போகவில்லை. நன்றாக மழை பெய்திருந்த தெரு, என் காலணி முழுக்கச் சேறு. கடைசியில் அவள் அதைப் பார்த்தாள்.

"கால நல்லாத் தொடச்சுட்டு வா" என்று சொல்லி, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள்.